விளையாட்டு அறைக்கு நீங்களே மரவேலை செய்யலாம்: அலமாரி, மேசை, பெஞ்ச்

வீட்டில் ஓர் அறையை விளையாட்டுக்கென்று ஒதுக்கியதும் பெரும்பாலானோர் முதலில் யோசிப்பது சுவருக்குச் சுவர் அலமாரி அடிப்பதைத்தான். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். சுவரோடு சேர்த்து அடித்ததை நகர்த்த முடியாது. மேசையை எந்தப் பக்கம் போட்டால் வசதி, எந்த நாற்காலிக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, பெட்டி எடுக்க யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த அறையில் சில வாரம் விளையாடின பிறகுதான் பிடிபடும். அதனால் முதலில் அளவு, அடுத்து கை பழக ஒரு தனி அலமாரி, அப்புறம் மேசை, எல்லாம் முடிந்த பிறகு சுவர் வேலை. இந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

டிரில் பிடிக்கத் தெரிந்து, அளவுநாடாவைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். மீதியை வேலை செய்யச் செய்யப் பழகிக்கொள்ளலாம்.

முதல் வேலை: விளையாட்டை அளப்பது

அறையை அளப்பதற்கு முன் விளையாட்டை அளந்துவிடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு உடம்பு அளவு உண்டு. மரச்சாமான் அதற்கு அடங்கித்தான் வர வேண்டும்.

கேரம் பலகையின் ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். சுற்றுச் சட்டத்தையும் சேர்த்தால் 87 முதல் 89 செ.மீ. வரை வரும். அதை வைக்கும் ஸ்டாண்ட் 63 முதல் 70 செ.மீ. உயரம் இருக்கலாம். நான்கு பக்கமும் ஆள் உட்கார்ந்து முழங்கையை மடக்கி அடிக்க வேண்டுமென்றால் இரண்டரை மீட்டர் சதுர இடம் ஒதுக்குங்கள். டேபிள் டென்னிஸ் மேசை 2.74 மீ. நீளம், 1.525 மீ. அகலம், 76 செ.மீ. உயரம். மேசைக்கு இடம் கிடைத்துவிடும். இரு முனையிலும் பின்னால் நகர ஆளுக்கு இரண்டு மீட்டராவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பந்து திரும்பி வரும்போது யாரும் மேசையை ஒட்டி நிற்க மாட்டார்கள்.

பூல் மேசை வைக்க ஆசைப்படுபவர்கள் மேசையின் அளவை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். இடத்தைத் தீர்மானிப்பது கோல்தான். வழக்கமான கோலின் நீளம் சுமார் 147 செ.மீ. வீடுகளில் வைக்கும் எட்டடி மேசையின் ஆடுதளம் 224 செ.மீ.க்கு 112 செ.மீ. நான்கு பக்கமும் ஒரு கோல் நீளத்தைச் சேர்த்தால் 5.2 மீட்டருக்கு 4.1 மீட்டர் ஆகிறது. கையைப் பின்னால் இழுக்க இன்னும் ஒரு சாண் விட்டால்தான் சுவரில் இடிக்காது. அவ்வளவு இடம் இல்லையென்றால் பூல் ஆசையை விட்டுவிட்டு ஒரு நல்ல பலகை விளையாட்டு மேசையைச் செய்யுங்கள். நெருக்கியடித்து வைத்த பூல் மேசை சில மாதத்தில் துணி மடித்து வைக்கும் இடமாகிவிடும்.

டார்ட்ஸ் பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீ. உயரத்தில் இருக்க வேண்டும்; எறியும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீ. தள்ளி. அந்தக் கோட்டுக்கும் பலகைக்கும் நடுவே கதவு எதுவும் திறக்கக் கூடாது. சதுரங்கத்துக்குக் கட்டம் ஒன்று 5 முதல் 6 செ.மீ. என்றால் பலகை 40 முதல் 48 செ.மீ.; அதற்கு மூலையில் ஒரு சின்ன மேசை போதும். சீட்டு, பலகை விளையாட்டுகளுக்கு ஆளுக்கு 60 செ.மீ. அகலம் குறைந்தபட்சம், 75 கிடைத்தால் நிம்மதி. நாற்காலியை இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து 75 செ.மீ., அதன் பின்னால் இன்னொருவர் நடந்துபோக 90 செ.மீ.க்கு மேல் வேண்டும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அறைக்குள் போங்கள். மாஸ்கிங் டேப் வாங்கி, செய்யப்போகும் மேசையின் வடிவத்தைத் தரையில் ஒட்டுங்கள். அலமாரி வரும் இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். நாற்காலிகளைப் போட்டு நான்கு பேரை உட்காரவைத்து எழுந்து நடக்கச் சொல்லுங்கள். கதவும் ஜன்னலும் முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். வாசலின் அகலத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: அறைக்கு வெளியே செய்த மேசை உள்ளே போக வேண்டும் அல்லவா?

பலகை எது, மரம் எது

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பகுதியை பிளைவுட்டிலேயே செய்வது நல்லது. ஒரு முழுத்தாள் எட்டடிக்கு நாலடி, அதாவது 244 செ.மீ.க்கு 122 செ.மீ. மெல்லிய மரத்தாள்களை இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டியிருப்பதால் அது பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குவது மிகக் குறைவு. அலமாரியின் உடலுக்கு 18 மி.மீ., பின்பலகைக்கு 6 மி.மீ., மேசையின் துணி விரிக்கும் தளத்துக்கு 12 மி.மீ. வாங்குங்கள். 18 என்று எழுதியிருந்தாலும் உள்ளபடி 17 அல்லது 17.5 இருக்கக்கூடும். காடி (பலகை இறங்கி உட்காரும் பள்ளம்) வெட்டுவதற்கு முன் பலகையையே அளந்து பாருங்கள்.

எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) வழவழப்பாக இருக்கும், பெயின்ட் அடிக்க அருமை. ஆனால் கனம் அதிகம், ஈரம் பட்டால் ஊதிவிடும், ஓரத்தில் திருகாணி பிடிக்காது. கதவு முகப்புக்கு வைத்துக்கொள்ளலாம். துகள் பலகையை விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கும் தட்டுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கை படும் இடத்துக்கும் கால்களுக்கும் திடமரம்தான் அழகு. தேக்கு, மகாகனி, ஓக், பீச், ரப்பர் மரம், எது கிடைத்தாலும் சரி, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். திடமரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. இழைக்குக் குறுக்கே, அதாவது அகலவாக்கில், காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அகலமான திடமரப் பலகையை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டிவிட்டால் அது வெடிக்கத்தான் செய்யும். மரத்தை வாங்கியதும் அறுக்காமல், பயன்படுத்தப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் ரீப்பர் கட்டைகளை (மெல்லிய மரச்சட்டங்கள்) இடையிட்டு அடுக்கி வையுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். அளவுநாடா, மூலைமட்டம், ரசமட்டம், சர்க்குலர் சா (வட்ட பிளேடு மின்ரம்பம்) அல்லது ஜிக்சா (வளைவாகவும் அறுக்கும் சின்ன மின்ரம்பம்), டிரில், இரண்டு உளி, ஒரு சுத்தியல், உப்புத்தாள், முடிந்த அளவு கிளாம்ப் (பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி). கிளாம்ப் மட்டும் எத்தனை இருந்தாலும் போதாது. ரூட்டர் (மரத்தில் பள்ளம் செதுக்கும் மின்கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். பிளைவுட் தாளைக் கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தருகிறார்கள் என்றால் அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நேரான, செங்கோணமான வெட்டு கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பாதுகாப்பை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் என்95 தரத்தில் முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கண்ணாடி கட்டாயம். சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை, தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, கயிறு எதுவும் கூடாது; நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பிளேடு மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கை பழக ஒரு பெட்டி அலமாரி

பலகை விளையாட்டுப் பெட்டிகளில் மிகவும் பரவலான அளவு 29.5 செ.மீ. சதுரம். இரண்டு அடுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க 59 செ.மீ. வேண்டும், நடுவிலும் ஓரத்திலும் விரல் நுழைய இடம் விட்டால் 70. ஆகவே அலமாரியின் உள் அகலம் 70 செ.மீ., ஆழம் 32 செ.மீ., தட்டுக்குத் தட்டு 34 செ.மீ. இடைவெளி. மூன்று அறைகள், அடியில் கால்விரல் நுழைய 8 செ.மீ. பீடம்.

இதற்கு வெட்ட வேண்டியவை: 117.2 செ.மீ.க்கு 32 செ.மீ. பக்கப் பலகை இரண்டு. 70க்கு 32 படுக்கைப் பலகை நான்கு. 70க்கு 8 அடிப்பட்டை ஒன்று. இவ்வளவும் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரே தாளில் வந்துவிடும், மிச்சமும் இருக்கும். பின்பலகை 6 மி.மீ. தாளில் 73.6க்கு 109.2.

ஏன் 70 செ.மீ.யோடு நிறுத்தினேன், ஏன் ஒன்றரை மீட்டருக்கு ஒரே தட்டாக நீட்டவில்லை என்று கேட்கலாம். தட்டு தொய்வதற்குக் கணக்கு உண்டு. தட்டு முழுக்க ஒரே மாதிரி பெட்டி அடுக்கினால், தாங்கும் இடைவெளி இரட்டிப்பாகும்போது தொய்வு 16 மடங்காகிறது. பலகையின் தடிமனை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஆக, நீளமான தட்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு தாங்கு பலகை கொடுங்கள், அல்லது முன் ஓரத்தில் 4 செ.மீ. உயரத்துக்குத் திடமரப் பட்டை ஒட்டுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 80 செ.மீ. தாண்ட வேண்டாம்.

சேர்ப்பது இப்படி. இரண்டு பக்கப் பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, தட்டு வரும் கோடுகளை இரண்டிலும் ஒரே இழுப்பில் போடுங்கள். தனித்தனியாக அளந்தால் ஒரு மில்லிமீட்டராவது மாறிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்துக்கு மூன்று திருகாணி, 4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லையென்றால் பிளைவுட்டின் ஓரம் பிளந்துகொள்ளும். ஓரத்திலிருந்து 4 செ.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். மரப்பசையை மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு, பிறகு திருகுங்கள். இறுக்கும்போது மூட்டு நெடுகச் சின்னச் சின்ன மணிகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. பிதுங்கியதை உடனே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பசையின் மேல் பாலிஷ் பிடிக்காது.

பசை காய்வதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை விட்டால் அலமாரி சாய்சதுரமாகிவிடும். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் செங்கோணம் சரி. ஒன்று 4 மி.மீ. கூடுதல் என்றால், அந்த நீளமான குறுக்கின் இரு மூலைகளையும் ஒரு நீண்ட கிளாம்பால் மெதுவாக நெருக்குங்கள். அளவு சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டு இரண்டும் சமமாகிவிடும். அந்த நிலையிலேயே 6 மி.மீ. பின்பலகையை 15 செ.மீ.க்கு ஒரு திருகாணியாக அடித்துவிட்டால் அலமாரி அப்புறம் ஆடவே ஆடாது. அலமாரியை நேராக நிறுத்துவதே இந்தப் பின்பலகைதான். காசு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மேசை

இந்த அறையில் நேரத்தையும் நல்ல மரத்தையும் தாராளமாகச் செலவழிக்கத் தகுந்த ஒரே சாமான் மேசைதான். நான் சொல்வது குழி மேசை: துணி விரித்த ஆடுதளம் விளிம்பைவிடத் தாழ்ந்து இருக்கும், மேலே மூடிப் பலகைகள் போட்டால் சாதாரண மேசையாகிவிடும். பாதியில் நின்ற ஆட்டத்தை மூடி வைத்துவிட்டு அதன் மேலேயே சாப்பிடலாம், மறுநாள் திறந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பகடை கீழே உருளாது. சீட்டை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, துணி கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும்.

குழி எவ்வளவு ஆழம்? இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ஆழமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குழி இறங்க இறங்க முழங்காலுக்கு இடம் குறைகிறது. மேலிருந்து கீழே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசை விளிம்பின் மேல்மட்டம் 76 செ.மீ. விளிம்புப் பலகை 1.8 செ.மீ.; அதன் அடிமட்டம் 74.2. மூடிப் பலகையும் அதே கனம் என்பதால் அதன் அடியும் அங்கேதான். அதற்குக் கீழே 5 செ.மீ. குழி விட்டால் துணியின் மட்டம் 69.2. துணியும் மெத்தையும் 0.4, பிளைவுட் 1.2, அதன் அடி 67.6. தாங்கும் குறுக்குச் சட்டம் 4 செ.மீ.; 63.6. 45 செ.மீ. உயர நாற்காலியில் உட்காரும் ஒருவரின் தொடை பொதுவாகத் தரையிலிருந்து 60 செ.மீ. வரை வரும். பக்கச் சட்டத்தின் அடி 62 செ.மீ.க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் கால் இடிக்காது. 5 செ.மீ. குழியில் பெரும்பாலான விளையாட்டுகளின் காய்கள் மூடிக்குக் கீழே அடங்கும். அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

ஆடுதளம் 150 செ.மீ.க்கு 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம், நடுவில் இருக்கும் காயை எட்டவும் எழுந்திருக்க வேண்டாம்.

கால்கள் நான்கு: 8 செ.மீ. சதுரம், 74.2 செ.மீ. உயரம். அவ்வளவு தடியான கட்டை கிடைக்கவில்லையென்றால் 4 செ.மீ. கனத்தில் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். பக்கச் சட்டங்கள்: 2.5 செ.மீ. கனம், 12 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளத்தில் இரண்டு, 90 செ.மீ. நீளத்தில் இரண்டு. சட்டத்தின் உள்முகமும் காலின் உள்முகமும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். இப்படி வைத்தால் சட்டங்களின் உள்பக்கமே குழியின் சுவராகிவிடுகிறது, கால் குழிக்குள் துருத்தாது.

காலையும் சட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது? பழகியவர்கள் சட்டத்தின் முனையில் கழுந்து (நாக்கு மாதிரி நீட்டிய பகுதி) வெட்டி, காலில் போட்ட துளையில் இறக்குவார்கள். இங்கே இரண்டு சட்டங்களும் காலின் உள்மூலையை ஒட்டியே வருவதால் கழுந்துகள் காலுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒன்றை மேல்பாதியிலும் மற்றதைக் கீழ்பாதியிலும் வெட்ட வேண்டிவரும். புதியவருக்கு அதைவிட எளிய வழி போல்ட். காலின் வெளிப்பக்கத்திலிருந்து 8 மி.மீ. போல்ட் ஒன்று காலைத் துளைத்து உள்ளே போய், சட்டத்தில் குறுக்காகப் புதைத்த உருளை நட்டில் இறங்கும். மூட்டுக்கு இரண்டு போல்ட். நீளச் சட்டத்துக்கு மேலிருந்து 2.5, 8.5 செ.மீ. உயரத்திலும், குறுகிய சட்டத்துக்கு 4.5, 10.5 செ.மீ. உயரத்திலும் துளை போட்டால் போல்ட்கள் காலுக்குள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். பசையே வேண்டாம். வீடு மாறினால் மேசையைக் கழற்றிப் பலகைகளாகக் கொண்டுபோகலாம், வாசல் குறுகலாக இருந்தாலும் கவலையில்லை. மரவேலை தெரிந்த சிலர் போல்ட்டைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். கழற்றி மாட்டும் மேசைக்கு இதைவிட உறுதியான மூட்டு வேண்டியதில்லை என்பது என் கருத்து.

துளை நேராக விழ வேண்டும், அது முக்கியம். 8 செ.மீ. காலைக் கையால் துளைக்கும்போது பிட் சாய்ந்தால் மறுமுனையில் சில மில்லிமீட்டர் விலகிவிடும். இரண்டு பக்கமும் குறியிட்டு, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பாதி பாதியாகத் துளையுங்கள். அப்புறம் 9 மி.மீ. பிட்டை ஒருமுறை முழுதாக ஓட்டினால் நடுவில் இருக்கும் சின்னப் பிசகும் சரியாகிவிடும்.

சட்டம் நின்றதும், உள்பக்கம் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து 6.6 செ.மீ. கீழே கோடு போட்டு, 3 செ.மீ. சதுர ரீப்பரைக் கோட்டுக்குக் கீழே சுற்றிலும் பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்துங்கள். நீளச் சட்டங்களுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றாக இரண்டு 4 செ.மீ. குறுக்குச் சட்டங்களை அதே மட்டத்தில் மாட்டுங்கள். 12 மி.மீ. தளம் இவற்றின் மேல்தான் உட்காரும்.

தளத்தை 149.4க்கு 89.4 என்று கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கள், துணி சுற்ற இடம் வேண்டும். மேலே 3 மி.மீ. நியோபிரீன் (செயற்கை ரப்பர்) மெத்தையை ஒட்டி, அதன் மேல் துணி. துணியைப் பலகையில் ஒட்டக் கூடாது. பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் நாலைந்து பின், எதிர்ப்பக்கத்தின் நடுவில் இழுத்து நாலைந்து பின், பிறகு குறுகிய பக்கங்களின் நடுவில். அங்கிருந்து மூலையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக. மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும், அதை எடுக்க எல்லாப் பின்னையும் பிடுங்க வேண்டிவரும். துணிக்கு நெருக்கமான நெசவுள்ள, பஞ்சு உதிராத வகையைப் பாருங்கள். வேல்வெட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தூசியையும் தலைமுடியையும் பிடித்துவைத்துக்கொள்ளும். தளத்தைத் திருகாமல் சும்மா உள்ளே இறக்கிவிடுங்கள். காபி கொட்டினால் வெளியே எடுத்துத் துணி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது விளிம்புப் பலகை: 10 செ.மீ. அகலம், 1.8 செ.மீ. கனம், திடமரம். இது சட்டத்தின் மேல் உட்காரும்போது உள்பக்கம் 1.2 செ.மீ. விட்டு உட்கார வேண்டும். அந்த 1.2 செ.மீ. படிதான் மூடிப் பலகைகளைத் தாங்கப்போகிறது. வெளிப்பக்கம் சட்டத்தைத் தாண்டி ஒன்பது செ.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், 40 செ.மீ.க்கு ஒன்றாக முக்கோணக் கட்டைகளைச் சட்டத்தின் வெளிப்பக்கம் பொருத்தி, அவற்றின் வழியே கீழிருந்து திருகுங்கள். கட்டையில் போடும் துளையைக் கொஞ்சம் நீள்வட்டமாக்கினால் பலகை விரியவும் சுருங்கவும் வழி இருக்கும். மூலைகளை 45 பாகையில் வெட்டிச் சேர்க்கும் ஆசை வரும். 10 செ.மீ. அகலப் பலகையில் அந்த மூட்டு ஈரக் காலத்தில் ஒரு பக்கமும் வறண்ட காலத்தில் மறுபக்கமும் வாய் திறக்கும். நீளப் பலகைகளை முழு நீளத்துக்கு ஓடவிட்டு, குறுகியவற்றை நடுவில் செருகுவதே உத்தமம்.

மூடிக்கு 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்று துண்டு. திறப்பின் அளவு 152.4க்கு 92.4 வரும், உள்ளபடி அளந்து, மொத்தத்தில் 3 மி.மீ. தளர்வு விட்டு மூன்றாகப் பிரியுங்கள். துண்டுக்கு ஐந்து கிலோ அளவில் இருக்கும், ஒருவரே தூக்கலாம். ஏதாவது ஒரு துண்டின் ஓரத்தில் 25 மி.மீ. விரல் துளை போடுங்கள். படியின் மேல் மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒட்டினால் மூடும்போது சத்தம் வராது.

சுவரோடு பொருத்தும் வேலை

மேசை வந்து, சில வாரம் விளையாடியாகிவிட்டது. இனி சுவருக்குப் போகலாம். அதற்கு முன் ஒயர் வேலையை முடியுங்கள். டிவி, கேம் கன்சோல், மேசைக்கு மேல் வரும் விளக்கு, சார்ஜர் எல்லாவற்றுக்கும் பிளக் எங்கே என்று தீர்மானித்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். அலமாரி அடித்த பிறகு சுவரைக் கொத்துவது பெரும் தொல்லை. மேசை விளக்கு ஆடுதளத்துக்கு நேர் மேலே 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் தொங்கினால் எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்காது, அட்டைகளின் மேல் நிழலும் விழாது.

எந்தச் சுவரும் நேராக இருக்காது, எந்தத் தரையும் மட்டமாக இருக்காது. சுவருக்குச் சுவர் இடைவெளியைத் தரையை ஒட்டி, இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளங்கள். மூன்றில் சின்ன அளவை எடுத்து, அதிலும் 4 முதல் 6 செ.மீ. கழித்து அலமாரியைச் செய்யுங்கள். இருபக்கமும் மிஞ்சும் இடைவெளியை நிரப்புப் பட்டை மூடும். பட்டையைச் சுவரோடு ஒட்டவைக்கும் முறை இது: இடைவெளியைவிட ஒரு செ.மீ. அகலமான பட்டையை ரசமட்டம் பார்த்து நேராக நிறுத்தித் தற்காலிகமாகக் கிளாம்ப் போடுங்கள். காம்பஸின் முள்ளைச் சுவரில் வைத்து, பென்சில் பட்டையில் படும்படி மேலிருந்து கீழே இழுத்து வாருங்கள். சுவரின் மேடுபள்ளம் அத்தனையும் பட்டையில் கோடாக வந்துவிடும். ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே அறுத்து, இழைப்புளியால் கோடு வரை சீவினால், சுவருக்கும் மரத்துக்கும் நடுவே தாள் நுழையாது. கடையில் வாங்கும் எந்த ரெடிமேட் அலமாரியிலும் இது கிடைக்காது.

பீடத்தைத் தனியாக ஏணி மாதிரிச் சட்டமாகச் செய்து முதலில் தரையில் வையுங்கள். தரையின் உயர்ந்த புள்ளியிலிருந்து தொடங்கி, மற்ற இடங்களில் மர ஆப்பு வைத்து ரசமட்டம் பார்த்து மட்டப்படுத்துங்கள். பீடம் மட்டமாகிவிட்டால் மேலே வரும் எல்லாமே தானாக மட்டமாக நிற்கும். ஈரம் ஏறும் சுவராக இருந்தால் பின்னால் 2 செ.மீ. காற்றிடம் விடுங்கள், ஈரம் ஓயும்வரை அந்தச் சுவரில் வேலையே தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

உயரமான அலமாரியைச் சுவரில் கட்டாயம் இறுக்குங்கள். சின்னப் பிள்ளைகள் தட்டுகளை ஏணியாக நினைத்து ஏறுவார்கள், சாமான் அப்படியே அவர்கள் மேல் சாயும். செங்கல், கான்கிரீட் சுவரில் துளையிட்டு, திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக் போட்டுத் திருகாணி; உள்ளே வெற்றிடமுள்ள பலகைச் சுவரென்றால் உள்ளே இருக்கும் சட்டத்தைத் தேடி அதில்தான் திருக வேண்டும். துளைக்கும் இடத்தில் ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் டிரில் வைக்கவே வேண்டாம்.

ஜன்னலோரம் ஒரு பெட்டி பெஞ்ச் அடித்தால் உட்காரவும் ஆகும், சாமான் போடவும் ஆகும். மெத்தையோடு சேர்த்து 45 செ.மீ. உயரம்; 7 செ.மீ. மெத்தை என்றால் பெட்டி 38. ஆழம் 45 முதல் 50. நீளமான பெஞ்சை 80 செ.மீ.க்கு ஒரு தடுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மூடி வையுங்கள். மூடிக்கு மெதுவாக இறங்கும் தாங்கி மாட்டாமல் விடாதீர்கள். சாதாரணக் கீல் மட்டும் போட்டால் ஒருநாள் யாராவது ஒரு குழந்தையின் விரலில் விழும். முன்பக்கம் காற்றுத் துளைகளும் வேண்டும், ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே போய் மூடிக்கொண்டாலும் மூச்சு முட்டாமல் இருக்க. பூட்டு, தாழ்ப்பாள் கூடவே கூடாது.

கேரம் பலகைக்கு அலமாரியின் ஓரத்தில் 92 செ.மீ. உயரத்தில், 92 செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. அகலத்தில் ஒரு செங்குத்துச் சந்து விட்டால் சரியாக நிற்கும். ஆழம் அவ்வளவு இல்லையென்றால் அலமாரியின் பக்கவாட்டில் வெளிப்புறமாக மாட்டிக்கொள்ளலாம். எப்படியானாலும் பலகை நேராக நிற்க வேண்டும். சுவரில் சாய்த்தே வைத்திருந்தால் நடுவில் வளைந்துவிடும், அப்புறம் காய் ஒரு பக்கமாகவே ஓடும்.

டிவிக்கு: 55 அங்குலத் திரை அகலம் சுமார் 122 செ.மீ. வரும். உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில், தரையிலிருந்து 105 செ.மீ. அளவில் திரையின் நடு இருந்தால் கழுத்து வலிக்காது. கேம் கன்சோலை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். பின்பலகையே இல்லாத அறையாக விட்டு, சுற்றிலும் 10 செ.மீ. காற்றிடம் கொடுங்கள், ஒயர் போக 60 மி.மீ. துளை.

பூச்சு

80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாக, எப்போதும் இழையோட்டத்திலேயே தேயுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிப்போனால் முந்தின தாளின் கீறல் பாலிஷ் அடித்த பிறகு பளிச்சென்று தெரியும். சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் முதல் பூச்சு) ஒரு கோட், லேசாகத் தேய்த்து, வார்னிஷோ பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷோ மெல்லியதாக இரண்டு மூன்று கோட். ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வழிந்து நிற்கும். பலகையின் மேல்பக்கத்துக்கு எத்தனை கோட்டோ அடிப்பக்கத்துக்கும் அத்தனை. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். விளிம்புப் பலகைக்கு மினுக்கம் குறைந்த பூச்சே ஏற்றது, விளக்கு வெளிச்சம் கண்ணில் திருப்பி அடிக்காது.

ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சு பயன்படுத்தினால், துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது அவை தாமாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே தரையில் விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

பூச்சு முழுதாகக் காய்ந்து மணம் போகும்வரை துணி விரித்த தளத்தை உள்ளே இறக்க வேண்டாம். மேசை பயன்பாட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து எட்டு மூட்டுகளின் போல்ட்களையும் ஒரு சுற்று இறுக்குங்கள். மரம் அறையின் ஈரத்துக்குப் பழகும்போது கொஞ்சம் தளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் மூடிப் பலகை இறுகிச் சிக்கினால் அவசரப்பட்டுச் சீவாதீர்கள், வெயில் காலம் வரை பொறுத்துப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் ஓரத்தில் இழைப்புளியால் ஒரே ஒரு சீவல் எடுத்து, சீவிய இடத்தில் மறுபடி பூச்சு அடித்துவிடுங்கள்.